போதும் என்று சொல்லத் தெரிந்தவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிறிஸ்தவத் துறவு மடங்களின் வாழ்க்கையிலிருந்து இன்றைய இல்லறத்தார் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். துறவி உலகத்தை விட்டுப் போனவர், அவரிடம் குடும்பஸ்தனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு, இரவு பத்து மணிக்கும் ஒலித்துக்கொண்டிருக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழு இவற்றுக்கு நடுவே உழல்பவரிடம் மௌனம், எளிமை, செபம் என்று ஆரம்பித்தால் அவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆகவே விட்டுப்போவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மேற்குலகத் துறவுக்கு அடிப்படையாக அமைந்த நூலைத் திறந்து பார்த்தால், அது திரும்பத் திரும்பக் கவலைப்படுவது அளவைப் பற்றி. எவ்வளவு வேலை, எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு உறக்கம், எவ்வளவு பேச்சு, என்ன விலை. இந்த அளவுகளைச் சேர்ந்து வாழும் மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட விதம் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அந்த நூலை எழுதியவர் நம் பங்குகளில் ஆசீர்வாதப்பர் என்று வழங்கப்படும் புனித பெனடிக்ட். அவர் 480 வாக்கில் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தவர். படிப்பதற்காக ரோமுக்குப் போனார். அந்த நகரத்து வாழ்க்கை ஒத்துவராமல் வெளியேறி, சுபியாக்கோ மலைக்குகையில் மூன்றாண்டுகள் தனித்திருந்தார். பிறகு 529ஐ ஒட்டி மொந்தே கசினோ குன்றின்மேல் மடம் அமைத்தார். 547 அளவில் அங்கேயே காலமானார். ரோமப் பேரரசின் மேற்குப் பாதி சரிந்து முடிந்த தலைமுறையில் பிறந்து, கோத்துகளும் பைசாந்தியப் படைகளும் இத்தாலியை மாறிமாறிச் சூறையாடிய போர்க்காலத்தில் கண்மூடியவர் அவர். 'அந்தக் காலம் அமைதியான காலம், அவர்களுக்கு முடிந்தது' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

திருத்தந்தை பெரிய கிரகோரியார் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. குகையில் இருந்த பெனடிக்ட்டை ஒரு துறவியர் குழு வற்புறுத்தித் தலைவராக அழைத்துப் போனது. அவருடைய கண்டிப்பு தாங்காமல் அவர்களே திராட்சை மதுவில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். அவர் ஆசீர்வதித்தபோது கிண்ணம் உடைந்தது என்கிறார் கிரகோரியார். பின்னாளில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலில் தெரியும் கனிவுக்கு அந்தக் கசப்பான பாடமும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். துறவிகள் மது அருந்தாமல் இருப்பதுதான் முறை, ஆனால் இக்காலத்தவரை அதற்கு இணங்கவைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துவைக்கிறார். சமைத்த பதார்த்தம் இரண்டு இருக்கட்டும், ஒன்று ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதைச் சாப்பிடலாம் என்கிறார். குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டியும் கொஞ்ச நேரம் உறங்கட்டும், உண்டது செரிக்கட்டும் என்கிறார்.

அந்த நூலில் 73 அத்தியாயங்கள். ஒரு பிற்பகலில் படித்து முடித்துவிடலாம். ஆன்மிக உச்சங்களைத் தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார், ஏனென்றால் அதில் நிறைந்திருப்பவை பாத்திரமும் போர்வையும் கதவும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது சமையல்கட்டைப் பற்றிய 35ஆம் அத்தியாயம். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.

மடத்தில் சமையல் முறை வாரத்துக்கு ஒருவராக மாறும். நோயாளிகளும் பெரும் பொறுப்பில் இருப்பவர்களும் தவிர வேறு யாருக்கும் விலக்கு கிடையாது. செல்வர் வீட்டுப் பிள்ளையாக வந்தவரும் அடுப்படிக்குப் போக வேண்டும். உடல் பலமில்லாதவருக்கு உதவிக்கு ஆள் தர வேண்டும். சனிக்கிழமை, முறை முடிகிறவர் எல்லாரும் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்துப் போடுவார். முறை முடிகிறவரும் முறை ஏற்கிறவரும் சேர்ந்து அத்தனை பேரின் பாதங்களையும் கழுவுவார்கள். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல், பண்டகப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் அவற்றை எண்ணிப் புதியவரிடம் கொடுப்பார். அந்தப் பண்டகப் பொறுப்பாளருக்கும் 31ஆம் அத்தியாயத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றையும் பலிபீடத்துப் பாத்திரத்தைப் போலவே மதிக்க வேண்டும்.

பெனடிக்ட் இன்னும் ஒன்று சொல்கிறார். சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே, பரிமாறப் போகிறவர்களுக்கு வழக்கமான பங்கோடு கூடுதலாகக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுத்துவிட வேண்டும். பசியோடு நின்று மற்றவர்களுக்குப் பரிமாறும்போது மனம் முணுமுணுக்கும், அந்த முணுமுணுப்புக்கு இடம் கொடுக்காதீர்கள் என்பதே காரணம்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சமைத்தவர் எல்லாருக்கும் போட்டுவிட்டு, மூன்று மணிக்குச் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறார். அதைத் தியாகம் என்று பாராட்டி மேடையில் கவிதையும் வாசிக்கிறோம். 1500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துறவி அதைத் தியாகம் என்று சொல்லவில்லை. அதை நிர்வாகக் குறையாகப் பார்த்தார், சட்டம் போட்டுச் சரிசெய்தார். துறவு மடத்திலிருந்து ஒரே ஒரு வழக்கத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். சமைக்கிறவர் முதலில் ஒரு வாய் சாப்பிடட்டும். முறை வைத்து எல்லாரும் சமைக்கட்டும், ஆண்பிள்ளைகள் உட்பட. செபமும் மௌனமும் அதற்குப் பிறகு வரலாம்.

அடுத்து நேரம். பகலில் ஏழு முறை, இரவில் ஒருமுறை மடத்தில் மணி அடிக்கும். மணி கேட்டதும் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பாடல்கள் பாடப் போக வேண்டும் என்கிறது 43ஆம் அத்தியாயம். லூயிஸ் மம்ஃபோர்டு என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1934இல் வெளியிட்ட தொழில்நுட்ப வரலாற்று நூலில், நவீனத் தொழிலுலகின் ஆதாரமான எந்திரம் நீராவி எஞ்சின் அல்ல, கடிகாரம்தான் என்றும், நேரத்தைக் கூறுபோட்டு வாழும் பழக்கம் மேற்குலகத்துக்கு மடங்களிலிருந்து வந்தது என்றும் வாதிட்டார். அதை ஏற்றுக்கொண்டு நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். மடத்து மணி அடித்தது வேலையை நிறுத்துவதற்கு. தொழிற்சாலைச் சங்கும் கைப்பேசியும் ஒலிப்பது வேலைக்குக் கூப்பிடுவதற்கு. துறவிகளிடமிருந்து மணியை வாங்கிக்கொண்ட உலகம், அது எதற்காக அடிக்கப்பட்டதோ அதை வாங்கிக்கொள்ளவில்லை.

கத்தோலிக்கக் கிராமங்களில் அந்த மணியின் தொடர்ச்சி ஒன்று இருந்தது, இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. காலை, மதியம், மாலை என்று கோயில் மணி அடிக்கும், மூவேளைச் செபம் சொல்வார்கள். எழுத்தறியாத உழவரும் மீனவரும் 150 திருப்பாடல்களை மனப்பாடம் செய்ய முடியாது என்பதால், அதற்கு ஈடாக 150 முறை அருள் நிறை மரியே சொல்லும் செபமாலை பரவியது. துறவியின் நாளொழுங்கைச் சாமானியர் தங்கள் கைக்கு எட்டும் அளவில் எடுத்துக்கொண்ட வரலாறு இது. என் பாட்டியின் ஊரில் மதிய மணி கேட்டால் நாற்று நடும் பெண்கள் சேற்றுக்கையோடு நிமிர்ந்து நிற்பார்கள். இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடமும் நிலக்காரருக்குச் சொந்தமில்லை. மேற்பார்வை பார்க்க வந்தவரும் தலைத்துண்டை எடுத்துவிட்டு வாய்மூடி நின்றாக வேண்டும். செபத்தின் அந்த அரசியலைப் பாட்டி ஒருபோதும் விளக்கிச் சொன்னதில்லை, ஆனால் அவளுக்கு அது தெரியும்.

இன்று வீட்டிலிருந்தே வேலை என்று வந்தபிறகு நாளுக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. மாலை செபத்துக்கு ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரம் வந்ததும் பாதி எழுதிய மின்னஞ்சலைப் பாதியிலேயே விட்டு எழுகிறவர், ஒரு துறவி செய்வதைத்தான் செய்கிறார். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தன் தாயிடம் உட்கார்ந்து பேசலாம். நாம் இல்லாமல் வேலை கொஞ்ச நேரம் கிடக்கும், உலகம் நின்றுவிடாது என்று ஒப்புக்கொள்ளும் பணிவு அதில் இருக்கிறது.

இந்த ஒழுங்குக்கு எதிராக மனத்துக்குள்ளிருந்தே ஒன்று வேலை செய்யும் என்பதையும் துறவிகள் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். எகிப்தியப் பாலைவனத்தில் 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி அதை நண்பகல் பேய் என்றார். காலை பத்து மணி வாக்கில் அது வரும். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், நாள் ஐம்பது மணி நேரமாக நீளும். துறவி வெளியே வந்து வெயிலைப் பார்ப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று இப்படியும் அப்படியும் பார்ப்பார். இருக்கும் இடத்தின்மேல் வெறுப்பு வரும். இங்கே யாருக்கும் அன்பே இல்லை, வேறோர் இடத்துக்குப் போனால் பிழைப்பு எளிது என்று தோன்றும். சொந்தபந்தங்களின் நினைவு வரும். இதைப் படிக்கும்போது எனக்கு நம் கைப்பேசிதான் நினைவுக்கு வருகிறது. காரணமே இல்லாமல் எடுத்துப் பார்த்து, யாராவது ஏதாவது அனுப்பியிருக்கிறார்களா என்று தேடி, வேறு யாரோ வேறு எங்கோ நன்றாக வாழ்வதைப் பார்த்து, வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறோம். பொறியைக் கண்டுபிடித்தவர்கள் நேற்று வந்தார்கள், அது பிடிக்கும் பலவீனத்தை எவாக்ரியுஸ் 1600 ஆண்டுகளுக்கு முன்பே படம்பிடித்துவிட்டார். அவர் சொன்ன மருந்தும் எளிதானது, கடினமானது. அறையைவிட்டு எழுந்து போகாதே, இரு.

பெனடிக்ட்டின் துறவிகள் தரும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று இந்த நிலைத்திருத்தல்தான். சேர்ந்த மடத்திலேயே, அதே மனிதர்களோடு, சாகும்வரை இருப்பேன் என்ற வாக்கு. இதை வீட்டுக்குள் கொண்டுவரும்போது எச்சரிக்கை வேண்டும். அடிக்கிற கணவனிடம் 'நிலைத்திரு' என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்ல இந்த வார்த்தைப்பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் பாவம் செய்கிறார்கள். துறவியின் வார்த்தைப்பாடு அவர் தானாகத் தந்தது. நெடுங்காலம் பார்த்துப் பழகி, பலமுறை எச்சரிக்கப்பட்டு, பிறகு தந்தது.

அல்ஜீரியாவின் திபிரின் என்ற மலைக்கிராமத்தில் அந்த வார்த்தைப்பாடு என்னவாயிற்று என்பது நம் காலத்து வரலாறு. அங்கே இருந்தவர்கள் பெனடிக்ட்டின் ஒழுங்கைப் பின்பற்றும் டிராப்பிஸ்டுத் துறவிகள், பிரெஞ்சுக்காரர்கள். சுற்றிலும் முஸ்லிம் கிராமத்தார். லூக் என்ற சகோதரர் மருத்துவர். 1946இல் அங்கே போய்ச் சேர்ந்து, வந்தவர் யாராக இருந்தாலும் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். உள்நாட்டுப் போர் மூண்டபின் 1993 கிறிஸ்துமஸ் முந்தின இரவு ஆயுதக்குழு ஒன்று மடத்துக்குள் நுழைந்துவிட்டுப் போனது. போய்விடுவதா, இருப்பதா என்று துறவிகள் கூடிப் பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை, பயம் இருந்தது. கடைசியில் இருப்பது என்று எல்லாருமாக முடிவு செய்தார்கள். அண்டை வீட்டார் எங்கும் போக முடியாதபோது தாங்கள் மட்டும் எப்படிப் போவது என்பது அவர்கள் கேள்வி. 1996 மார்ச் மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் ஏழு பேர் கடத்தப்பட்டார்கள், பின்னர் கொல்லப்பட்டார்கள். லூக்குக்கு அப்போது 82 வயது. 2018 டிசம்பர் 8ஆம் நாள் ஓரான் நகரில் அவர்கள் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள். கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். ஆபத்து வந்தபோதும் ஊரை விட்டுப் போகாமல் ஒரே வாசலில் நோயாளியைப் பார்த்த அந்த மனிதரை உங்கள் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள்.

துறவியாகாமலே துறவியின் ஒழுங்கில் வாழ்ந்தவருக்கு டாரதி டே நல்ல எடுத்துக்காட்டு. நியூயார்க்கில் பத்திரிகையாளர், ஒரு பெண் குழந்தையைத் தனியாக வளர்த்த தாய். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933 மே தினத்தன்று, பீட்டர் மொரீனுடன் சேர்ந்து 'கத்தோலிக்கத் தொழிலாளர்' என்ற பத்திரிகையை யூனியன் சதுக்கத்தில் விற்கத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். அதையொட்டி விருந்தோம்பல் இல்லங்கள் தோன்றின. வேலை இழந்தவர், குடிகாரர், மனம் பிறழ்ந்தவர் என்று யார் வந்தாலும் சூப்பும் ரொட்டியும் படுக்கையும். வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்று ஒழுங்குநூலின் 53ஆம் அத்தியாயம் சொல்வதை அவர் மாநகரத்துத் தெருவில் வைத்துச் செய்துகாட்டினார். 1955இல் பெனடிக்ட் சபையின் இல்லறச் சார்பாளராக முறைப்படி வாக்குறுதி தந்தார். அந்த இல்லங்களில் மூட்டைப்பூச்சியும் சண்டையும் நாற்றமும் இருந்ததை அவர் ஒளிக்கவில்லை. 1980இல் இறக்கும்வரை அந்த மனிதர்களோடேயே இருந்தார்.

பாலைவனமும் அல்ஜீரியாவும் நியூயார்க்கும் போதுமா, நம் மண்ணில் என்ன என்று கேட்கலாம். ஜேசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1950இல் குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் பிரெஞ்சுக் குருக்களான மொன்ஷனேனும் அபிஷிக்தானந்தரும் சச்சிதானந்த ஆசிரமத்தை அமைத்தார்கள். சாந்திவனம் என்று நாம் அழைக்கும் இடம். 1968 முதல் 1993இல் மறையும்வரை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேய பெனடிக்ட் துறவி அங்கே ஒரு குடிசையில் வாழ்ந்தார். இவர்களின் இறையியல் பற்றிய சர்ச்சைகள் இன்றைய பேச்சுக்கு வெளியே. ஆனால் வெள்ளைக்காரப் பாதிரியாரின் பங்களா என்ற படிமத்தை ஒரு குடிசையால் கலைத்துவிட்டார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இனி விலைக்கு வருகிறேன். மடத்தின் கைவினைஞர்களைப் பற்றிய 57ஆம் அத்தியாயத்தில் பெனடிக்ட் சொல்கிறார்: விற்கும்போது பேராசை நுழையக்கூடாது, வெளியே மற்றவர்கள் விற்கும் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும். இன்றைக்கு இது நடக்குமா? பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளெட்டரனில் இருக்கும் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்தில் துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். மதுவைப் பற்றிய உதாரணம் இந்த மேடையில் சிலருக்கு உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2005இல் இணையத்தில் நடந்த ஒரு மதிப்பீட்டில் அது உலகின் மிகச் சிறந்த பீர் என்று தேர்வானது. கார்கள் வரிசை கட்டி நின்றன. எந்த நிறுவனமும் அடுத்த மாதமே உற்பத்தியைக் கூட்டியிருக்கும், விலையை ஏற்றியிருக்கும். துறவிகள் இரண்டையும் செய்யவில்லை. மடம் வாழ எவ்வளவு தேவையோ அவ்வளவே காய்ச்சினார்கள். பல ஆண்டுகள் தொலைபேசியில் பதிவு செய்து, கார் எண்ணைச் சொல்லி, குறிப்பிட்ட அளவே வாங்க முடிந்தது. வாங்கியதை மறுவிற்பனை செய்யக்கூடாது. துறவிகளாக வாழ்வதற்காகத்தான் காய்ச்சுகிறோம், காய்ச்சுவதற்காக வாழவில்லை என்பது அவர்கள் நிலை. கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும் ஒருமுறை கூடுதலாக விற்றார்கள், பணம் சேர்ந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். சந்தைக்கு நடுவில் நின்று 'போதும்' என்று சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் மடங்கள் எப்போதும் அப்படி இருந்ததில்லை. பெனடிக்ட்டின் எளிமைக்குத் திரும்புவதாகச் சொல்லி 1098இல் பிரான்சின் சித்தோவில் தொடங்கிய சிஸ்டெர்சியத் துறவியர், நூறு ஆண்டு கழிவதற்குள் இங்கிலாந்தில் பெரிய கம்பளி உற்பத்தியாளர்களாகிவிட்டார்கள். கடின உழைப்பும் சிக்கனமும் சேர்ந்தால் செல்வம் குவியும், குவிந்த செல்வத்தைக் காக்க ஆள் வேண்டும், அந்த ஆட்களைக் காக்க மறுபடி செல்வம் வேண்டும். 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி அந்நாட்டு மடங்களை மூடிச் சொத்தைப் பறித்தபோது, பறிக்கும் அளவுக்குச் சொத்து இருந்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. தனிமனிதர் எளிமையாக இருந்துகொண்டே நிறுவனம் கொழுக்கலாம். அறையில் ஒரு கட்டிலும் ஒரு சிலுவையும் மட்டும் வைத்திருக்கும் நல்ல துறவிகள் கூடி உட்கார்ந்து, வெளியே இருப்பவரால் கட்ட முடியாத கட்டணத்தை மனச்சாட்சி உறுத்தாமல் முடிவு செய்யலாம்.

நம்மிடமும் இந்த நோய் இருக்கிறது. புனிதர்களின் பெயர் தாங்கிய பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் எத்தனையோ தலைமுறையைத் தூக்கிவிட்டவை. அவற்றால் படித்து வந்தவன்தான் நானும். இன்று பல இடங்களில் பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி என்ன வாங்குகிறதோ அதைப் பார்த்துத்தான் கட்டணம் முடிவாகிறது. கழிவறை கழுவும் பெண்ணை ஒப்பந்தக்காரர் வழியாக எடுப்பதால் அவருடைய கூலிக்கு நாம் பொறுப்பில்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். பலிபீடத்துக் கிண்ணத்தைப் போலச் சமையல் சட்டியை மதிக்கச் சொன்னவரின் பெயரில் இது நடக்கக்கூடாது.

ஆகவே இந்த அவையில் இருக்கும் நிர்வாகிகளிடமும், சபைத் தலைவர்களிடமும், பெற்றோர் சங்கத்தாரிடமும் என் வேண்டுகோள் இது. வருகிற கல்வியாண்டின் கட்டணத்தையும் ஊழியர் சம்பளத்தையும் முடிவு செய்யக் கூடும் நாளில், ஆரம்ப செபம் முடிந்ததும் ஒழுங்குநூலின் 57ஆம் அத்தியாயத்தை யாராவது ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மேசையைச் சுற்றி ஒப்பந்தப் பணியாளர்களின் பிரதிநிதி ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். முக்கியமான காரியங்களில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், கடைசியாக வந்த இளையவருக்கும் கடவுள் நல்லதைக் காட்டுவார் என்பது அதே நூலின் 3ஆம் அத்தியாயம். அதன்பிறகு எண்ணை எழுதுங்கள். வெளியே வாங்குவதைவிட அது கொஞ்சமாவது குறைவாக இருக்கட்டும்.